177-ஆம் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியது

அன்புள்ள அக்கா,

வணக்கம். உங்களுக்கு எழுதுவதை ஊரறிய எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். பெயர் போடக்கூடாது என்ற உத்தரவை மட்டும் மீறவில்லை.

புத்தகக் காட்சியில் நாவலை வாங்கிய சிலர் என்னிடமே கேட்டார்கள், "என்னங்க, நன்றின்னு ஒரு வரிகூட இல்லையே, எல்லாம் நீங்களே பண்ணிட்டீங்களா?" என்று. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புழுதியில் நின்றுகொண்டு அதற்கு என்ன பதில் சொல்வது? சிரித்து வைத்தேன். நன்றி இருந்தது. 177-ஆம் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கம்தான் இல்லாமல் போயிற்று.

நடந்தது இதுதான். அச்சகத்தில் புத்தகத்தை 16 பக்கம் 16 பக்கமாக அடிப்பார்கள். அது ஒரு ஃபாரம். பதினோரு ஃபாரம் என்றால் 176 பக்கம். லேஅவுட் முடிந்து பார்த்தால் என் நாவல் 178-இல் வந்து நிற்கிறது. டிசம்பர் கடைசி வாரம், ராயப்பேட்டையில் ஒரு டீக்கடை வாசலில் இருந்தபோது போன் வந்தது. "சார், ரெண்டு பக்கம் மிஞ்சுது. கடைசில இருக்கிற நன்றியை எடுத்துட்டா பதினொண்ணுல முடிஞ்சிடும். இல்லேன்னா ஒரு தாளைத் தனியா அடிச்சு ஒட்டணும், காட்சிக்கு வந்து சேராது." கையில் கிளாஸ் சுட்டுக்கொண்டிருந்தது. "சரி, எடுத்துடுங்க" என்றேன். அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. அவர்கள் மேல் பழியே இல்லை, சரி சொன்ன வாய் என்னுடையது. அத்தியாயத் தலைப்புகளுக்கு மேலே விட்டிருந்த வெற்றிடத்தில் விரற்கடை அளவு குறைத்திருந்தாலே இரண்டு பக்கம் கிடைத்திருக்கும் என்பது மறுநாள் குளிக்கும்போதுதான் உறைத்தது. அதற்குள் அச்சு ஓடிவிட்டது, 500 பிரதி.

கம்பர் கொடுத்துவைத்தவர். இராமனுக்கு முடிசூட்டும் பாட்டிலேயே தன்னை ஆதரித்த வெண்ணெய்நல்லூர்ச் சடையப்பரைக் கொண்டுவந்து, அவர் முன்னோர்தான் மகுடத்தை எடுத்துக் கொடுத்தார்கள் என்று பாடி முடித்துவிட்டார். அதை யாரும் தனியாக உருவி எடுக்க முடியாது. அவருக்கு ஃபாரம் கணக்கும் கிடையாது.

அந்த இல்லாமல் போன பக்கத்தில் உங்களைப் பற்றி இருந்தது ஏழே வார்த்தை. "கைப்பிரதியை முழுதும் வாசித்துத் திருத்தங்கள் சொன்ன அக்காவுக்கு நன்றி." வேறு யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். நடந்ததைச் சொன்னால்தான் கணக்குத் தீரும்.

ஐம்பத்து நாலு வயதில் முதல் நாவல். அப்பா ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டர், ஈய எழுத்துகளைக் கோக்கிறவர். அவர் பாதி சொன்னது, நான் பாதி கேட்டது, இதை வைத்துக்கொண்டு 1975-இல் நடக்கிற ஒரு கதையை எழுதி, திருவல்லிக்கேணியில் உங்கள் வீட்டு மாடிப்படி ஏறி நீட்டினேன். அந்த வட்டாரத்து அச்சகம் ஒன்றில் ஆறு வருடம் நீங்கள் மெய்ப்புத் திருத்தியவர் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் பயந்து வேறு யாரிடமாவது கொடுத்திருப்பேன்.

மூன்று வாரம் கழித்துத் தாள்கள் திரும்பி வந்தன. எல்லாம் பச்சைப் பென்சில். "சிவப்புல எழுதினா எழுதினவனுக்கு வயித்தைக் கலக்கும்" என்றீர்கள். பச்சையும் கலக்கியது.

முதல் அடி ஒன்பதாம் பக்கத்தில். கம்பாசிட்டர் கண்ணாடியில் பார்ப்பதுபோல் வலமிருந்து இடமாக எழுத்துக் கோக்கிறான் என்று எழுதியிருந்தேன். ஓரத்தில் "யார் பார்த்தது?" என்று ஒரே ஒரு கேள்வி. கையில் பிடித்துக் கோக்கும் சிறு தட்டான ஸ்டிக்கில் எழுத்தைத் தலைகீழாக நிறுத்தி, இடமிருந்து வலமாகத்தான் கோப்பார்கள் என்று, தீப்பெட்டியையும் குச்சிகளையும் வைத்துச் செய்து காட்டினீர்கள். அப்பாவின் கை எப்படிப் போகும் என்று எனக்கு அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது.

அடுத்தது நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த காட்சி. கல்யாணப் பத்திரிகை அவசரமாக அடிக்க வேண்டும், எழுத்துப் பெட்டியில் இணைக்கொம்பு, அதாவது 'லை'யில் முன்னால் வருகிற கொம்பு, தீர்ந்துவிடுகிறது, 'காலை 6 மணிக்கு மேல்' என்பதில் 'காலை'யைக் கோக்க முடியாமல் கதாநாயகன் தவிக்கிறான். மூன்று பக்கம் உருகி உருகி எழுதியிருந்தேன். நீங்கள் படித்துவிட்டுச் சிரித்தீர்கள். "தம்பி, உன் கதை 1975. அரசாங்கம் எழுத்தை மாத்தினது 1978. அப்போ லைக்குத் தனிக் கொம்பு ஏது? யானைத் துதிக்கை மாதிரி மேலே வளைஞ்ச லை, ஒரே துண்டா இருக்கும். பெரியார் பத்திரிகையிலதான் 1935-லேர்ந்தே இப்போ எழுதற மாதிரி லை. உன் ஆளு அங்கேயா வேலை பார்த்தான்?"

காட்சி போச்சு என்று நினைத்தேன். நீங்கள் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "அதை ஏன் அடிச்சுப் போடறே? அந்தத் துதிக்கை லையே தீர்ந்துபோச்சுன்னு வை. முதலாளி வீட்டுக் கல்யாணப் பத்திரிகை, காலையும் இல்லை, மாலையும் இல்லை, வேளையைச் சொல்ல வழியில்லைன்னு ஆகட்டும்" என்றீர்கள். நாவலைப் படித்தவர்கள் எல்லாரும் எடுத்துச் சொல்வது அந்த இடத்தைத்தான். பாராட்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டவன் நான்.

அணிந்துரைக்காக நான் அலைந்ததையும் நீங்கள் பார்த்தீர்கள். ஒரு பெரிய பெயரிடம் போனேன், அவரும் ஒரு பக்கம் எழுதி அனுப்பினார். என் நாயகன் பெயரை எங்கேயும் காணவில்லை, கதை மதுரையில் நடப்பதாக வேறு இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு புலம்பியபோது நன்னூல் சூத்திரத்தை எடுத்துவிட்டீர்கள். சிறப்புப்பாயிரம், அதாவது அந்தக் காலத்து அணிந்துரை, சொல்லத் தகுந்தவர்கள் யார் என்றால் தன் ஆசிரியன், தன்னொடு கற்றோன், தன் மாணாக்கன், உரைகாரன். பெரிய பெயர் என்று ஒரு வகையே அந்தப் பட்டியலில் இல்லை. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் பாடிய பனம்பாரனாரைக்கூடத் தொல்காப்பியரோடு ஒன்றாகப் படித்தவர் என்றுதான் சொல்லி வருகிறார்கள். "அப்ப நீங்களே எழுதுங்க" என்றேன். "நான் படிச்சாச்சு, எழுதறது எதுக்கு?" என்று எழுந்து போய்விட்டீர்கள். நாவல் அணிந்துரை இல்லாமலே வந்தது, ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஒன்று எனக்குக் காட்சியின்போதுதான் தெரிந்தது. இதே ஜனவரிக்கு உங்கள் நாவலும் வருவதாக இருந்ததாம். பதிப்பகக் கடையில் சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் தாள்கள் திரும்பத் திரும்ப உங்கள் மேஜைக்கு வந்து கிடந்த மாதங்களும் நீங்கள் உங்களுடையதைத் தொடாத மாதங்களும் ஒன்றுதான். கேட்டால் "அது வேற காரணம்" என்கிறீர்கள். சரி, இருக்கட்டும்.

மற்றவர்கள். கன்னிமாரா நூலகத்தில் பழைய இதழ்களின் பைண்டுகளைத் தூக்கிவந்து போட்ட ஊழியர். தும்மிக்கொண்டே போட்டார். பழைய லையை என் கண்ணால் பார்த்தது அவர் புண்ணியத்தில். மூன்று தரம் லேஅவுட்டைப் பிரித்துப் போட்ட தம்பி. என் கையெழுத்தைத் தட்டச்சு செய்து, நடுநடுவே "இந்தப் பொம்பள ஏன் இப்படி அழுதுட்டே இருக்கா?" என்று கேட்டு இரண்டு அத்தியாயத்தை இளைக்கவைத்த மனைவி. அப்புறம் அப்பா, அவருக்கு இதைப் படித்துக் காட்ட முடியவில்லை.

நன்றியுரைகளைப் பார்த்தால் கல்யாணப் பத்திரிகையின் கடைசிப் பத்தி போல இருக்கிறது, ஒருவர் விடாமல் எல்லாப் பெயரும். நான் கேலி செய்திருக்கிறேன். இனிமேல் செய்ய மாட்டேன். உ.வே.சா. பதிப்புகளின் முகவுரையில் இந்த ஏடு இன்னார் கொடுத்தது என்று ஊரும் பேருமாக வரும். முன்பெல்லாம் அதைத் தாண்டிப் போய்க் கதைக்கு வந்துவிடுவேன். இப்போது அங்கேயே நின்று படிக்கிறேன்.

விற்காமல் இருக்கும் பிரதிகளுக்காக ஒரு சிறு நன்றிச் சீட்டு அடித்திருக்கிறேன். பின்னட்டையின் உள்பக்கத்தில் நானே ஒட்டிக்கொண்டிருக்கிறேன், மைதா பசைதான். ஏற்கெனவே வாங்கியவர்கள் என்னை எங்கே பார்த்தாலும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், பையில் எப்போதும் இருக்கும்.

உங்களுக்குக் கொடுத்த பிரதியில் மட்டும் சீட்டு இல்லை. புத்தகத்தைக் கையில் வாங்கியதும் நீங்கள் பின்பக்கம் புரட்டவே இல்லை. நேராக அந்த லை வரும் இடத்துக்குப் போனீர்கள், படித்தீர்கள், மூடினீர்கள். நேற்று ராத்திரி போனில், 83-ஆம் பக்கத்தில் ஓர் ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்றீர்கள். எடுத்துப் பார்த்தேன் அக்கா. விட்டுத்தான் போயிருக்கிறது.

அன்புடன்,
தம்பி