மண்ணை வெயிலில் காயவைத்துக் கொண்டுவராதீர்கள்

எங்கள் மண் பரிசோதனைக் கூடத்தின் வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மக்காச்சோளம் அறுத்த காட்டில் உளுந்து போடலாமா, களைக்கு அடித்த ‘அட்ரசின்’ மருந்து மண்ணில் மிச்சம் இருக்குமா என்று இந்த மாதம் நிறையப் பேர் மண்ணோடு வந்தீர்கள். பாதிப் பேரைத் திருப்பி அனுப்பினோம், வருத்தம்தான்.

தழை, மணி, சாம்பல் சத்து பார்ப்பதற்கு மண்ணை உலர்த்திக் கொண்டுவரச் சொல்வது வழக்கம். களைக்கொல்லிக்கு அது ஆகாது. ஒருவர் மொட்டை மாடியில் மூன்று நாள் காயவைத்து, பழைய உரச் சாக்கில் கட்டி வந்தார். வெயிலில் மருந்து சிதையும். ஈரத்தோடு ஒரு வாரம் வைத்திருந்தாலும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். ரிப்போர்ட்டில் குறைவாகத்தான் வரும், அதை நம்பி விதைத்தால் நட்டம் உங்களுக்கு.

வரப்போரமும் ஸ்ப்ரேயர் கழுவிய இடமும் விட்டு, பத்துப் பதினைந்து இடத்தில் 15 செ.மீ. ஆழம்வரை எடுத்துக் கலந்து, அரைக் கிலோவை ஐஸ் பெட்டியில் அன்றைக்கே கொடுங்கள்.

இங்கே அதில் 10 கிராம் எடுத்து, தண்ணீரும் அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானும் ஊற்றிக் குலுக்கி, மெக்னீசியம் சல்பேட்டும் சாதாரண உப்பும் போடுவோம், போட்டதும் குழாய் கையில் சுடும். சுழற்றி எடுத்தால் கரைப்பான் மேலே தனியாக நிற்கும், அட்ரசின் அதில்தான் இருக்கும். அதைச் சுத்தம் செய்து மருந்தைப் பிரித்து அளவு காட்டும் எல்.சி.எம்.எஸ். கருவிக்குள் விடுவோம். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி இந்த வழிக்கு வராது. அது தண்ணீரை விட்டு மேலே ஏறாது, அதற்கு வேறு முறை, கட்டணமும் தனி. அதனால்தான் என்ன மருந்து, எப்போது அடித்தீர்கள் என்று துருவித் துருவிக் கேட்கிறோம், கோபப்படாதீர்கள்.

அப்புறம், ரிப்போர்ட்டில் ‘இல்லவே இல்லை’ என்று எழுத மாட்டோம். கிலோவுக்கு 0.01 மில்லிகிராமுக்குக் கீழே என்றுதான் இருக்கும், எங்கள் முறையில் உறுதியாகச் சொல்ல முடிவது அவ்வளவுதான்.

அடுத்த பயிர் பிழைக்குமா என்பது மட்டும்தான் கேள்வி என்றால், எங்களுக்குப் பணம் கட்டுமுன் வீட்டிலேயே பாருங்கள். காட்டு மண் ஒரு தொட்டியில், மருந்து படாத மண் இன்னொன்றில், இரண்டிலும் வெள்ளரியும் உளுந்தும் ஊன்றுங்கள். முளைத்ததைப் பார்த்து ஏமாறாதீர்கள், அட்ரசின் முளைப்பைத் தடுக்காது. இலை விட்ட பிறகுதான் ஓரத்திலிருந்து மஞ்சளாகிக் கருகும், மூன்று வாரம் பொறுங்கள்.

மண்ணைத் திங்கள் முதல் வியாழன் வரை கொண்டுவாருங்கள். சனிக்கிழமை மதியம் வந்தால் வாங்க ஆள் இருக்காது.