நர்சிங் கல்லூரி நடத்துபவர்களுக்கு, வார்டிலிருந்து ஒரு மடல்

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் நர்சிங் கல்லூரி நடத்தும் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் வணக்கம்.

பதினைந்து வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். அட்மிஷன் சீசன் வந்தாலே ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க உங்கள் பேனர்தான்: நூறு சதவீதத் தேர்ச்சி, ஜெர்மனியில் வேலை, ஏசி பஸ். வெளிநாட்டு வேலையைக் குறை சொல்லவில்லை, கடன் வாங்கிப் படிக்கவைத்த வீட்டுக்கு அது பெரிய விஷயம். ஆனால் நாலு வருடம் படித்தது உருப்படியா என்பது பேனரில் தெரியாது, எங்கள் வார்டில் தெரிந்துவிடும்.

போன மாதம் ஃபைனல் இயர் பெண் ஒருத்தி வந்தாள். 500 மில்லி சலைன் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட், நிமிடத்துக்கு எத்தனை என்று கேட்டேன். 21 என்று பட்டென்று சொன்னாள். சரி, வைத்துக் காட்டு என்றேன். சொட்டைக் கூட்டிக் குறைக்கிற ரோலரைத் தொடவே கை வரவில்லை. அவள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு வந்த இத்தனை போஸ்டிங்கில் பக்கத்தில் நின்று யாரும் காட்டித்தரவில்லை. கூட வந்த டியூட்டர், அதாவது உங்கள் கல்லூரி ஆசிரியர், அட்டெண்டன்ஸ் எடுத்துவிட்டு வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுகிறார், இன்ஸ்பெக்‌ஷன் ஃபைல் தயார் செய்ய நீங்கள் கூப்பிட்டிருப்பீர்கள். பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று இந்திய நர்சிங் கவுன்சில் சொல்வது ஃபைலில் உட்கார்வதற்காகவா?

மாணவிகள் தாங்கள் செய்ததை எழுதிக் கையெழுத்து வாங்கும் கேஸ் புக் இன்னொரு கூத்து. ஒரே பிரசவத்தை ஐந்து பேர் எட்டிப்பார்த்து, ஐந்து புத்தகத்திலும் 'நான் செய்தது' என்று ஏறிவிடும். சென்ட்ரல் எதிரே ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1871-லேயே நர்சிங் பள்ளி தொடங்கிய ஊரில் இந்தக் கூத்து.

எங்கள் வார்டு சார்ட்டில் எல்லா நோயாளிக்கும் மூச்சு நிமிடத்துக்கு 20 என்றே, எண்ணாமலே எழுதியிருக்கும் (ஸ்டாஃப் நாங்களும் யோக்கியமில்லை). அப்படியிருக்க ஒரு ராத்திரி செகண்ட் இயர் பிள்ளை ஓடிவந்து, "அக்கா, ஏழாம் பெட் தாத்தாவுக்கு மூச்சு 34, ரெண்டு தடவை எண்ணிட்டேன்" என்றாள். அன்றைக்கே அவர் ஐ.சி.யு. போனார், பிழைத்தார். யாரம்மா கற்றுக்கொடுத்தது என்றேன். கையில் வாட்சோடு ஒரு நிமிடம் முழுசாக எண்ணவைத்தபிறகே கையெழுத்துப் போடும் டியூட்டர் ஒருவரைச் சொன்னாள்.

அவரைப் போன்றவர்களை ஃபைலுக்குக் கூப்பிடாதீர்கள். வார்டிலேயே விட்டுவையுங்கள்.