92-ஆ, 21-ஆ?

திருவாரூர்

அன்புள்ள வசந்தி,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலிக்கு இன்னும் எண்ணெய் தேய்த்துக்கொண்டே இருக்கிறாய் என்று படித்ததும் கோபம்தான் வந்தது. முதலில் டாக்டரைப் பார், அப்புறம் எண்ணெய். இங்கே எல்லோரும் சௌக்கியம். பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான், கீழே ஒரு சாமான் வைக்க வழியில்லை.

சரி, உன் ஆய்வு மாணவி கவிதா விஷயம். கிராமத்துப் பெண்களின் உழைப்பைப் பற்றிய ஆய்வுக்கு ஐந்நூறு வீடுகளில் கேள்வித்தாளோடு ஏறி இறங்குவதா, இருபது பெண்களோடு உட்கார்ந்து பேசுவதா என்று குழம்புகிறாளாம். நம்பர் இல்லாவிட்டால் யார் மதிப்பார்கள் என்று கைடு வேறு பயமுறுத்துகிறாராம். சமூகவியல் டீச்சர் நீ எந்தக் கட்சி என்று எனக்குத் தெரியும். சர்வே வேலையிலேயே காலம் தள்ளிய என்னிடம் யோசனை கேட்கிறாய் என்றால் சண்டைக்குத் தயாராகத்தான் இருக்கிறாய்!

அரசாங்கத்தின் தொழிலாளர் கணக்கெடுப்பையே பார். 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் வேலை செய்கிறவர்களும் வேலை தேடுகிறவர்களும் 2017-18இல் 23.3 சதவீதம். 2023-24இல் அது 41.7. நிஜமாகவே இவ்வளவு பெண்கள் புதிதாக வேலைக்கு வந்தார்களா, வருமானம் போதாமல் வயலில் இறங்கினார்களா, இல்லை முன்பு விட்டுப்போனவர்களை இப்போதுதான் ஒழுங்காக எழுதுகிறார்களா? பொருளாதாரக்காரர்கள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஏறியதில் பெரும்பங்கு சுயதொழில். குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுகிறவர்களும் அதில்தான் அடக்கம்.

யார் என்ன வேலை செய்கிறார் என்பதைக் குறிக்க அந்தக் கணக்கெடுப்பு வைத்திருக்கும் குறியீட்டு எண்களையே எங்கள் சர்வேக்களிலும் வைத்திருந்தோம். கீழ்வேளூர் பக்கம் ஒரு வீடு. திண்ணையில் இருந்தவரிடம் எங்கள் பையன், "வீட்டம்மா என்ன வேலை பார்க்கிறாங்க?" என்றான். "வேலைக்கெல்லாம் போகலைங்க, வீட்லதான் இருக்கா." பையன் 92 என்று தட்டிவிட்டான், அதாவது வீட்டு வேலை மட்டும். அந்தம்மா கொல்லையில் முழங்கை வரைக்கும் தவிடு ஒட்ட மாட்டுக்குத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தார். இரண்டு கறவை மாடு, இரண்டு வேளையும் சொசைட்டிக்குப் பால் போகிறது, பாஸ்புத்தகம் மட்டும் கணவர் பெயரில். விற்கிற பாலுக்காக மாடு பார்த்தால் அது தொழில், குறியீடு 21, குடும்பத் தொழிலில் உதவியாளர். வருடத்தில் 30 நாள் செய்தாலே துணை வேலையாகக் கணக்கில் ஏறிவிடும். "மாட்டை யாருங்க பார்க்கிறது?" என்று நான் கேட்டேன். "அவதான், வேற யாரு?" என்றார், ஒரு நொடி கூட யோசிக்காமல். பொய் சொல்லும் எண்ணமே அவருக்கு இல்லை, பார்த்துக்கொள். கேட்ட விதத்தில் ஒரு பெண் உழைப்பாளர் பட்டியலிலிருந்து காணாமல் போயிருப்பார். அதே அம்மா மாடில்லாமல் வீட்டு அடுப்புக்காக நாள் முழுக்க விறகு பொறுக்கினால் 93தான், அதாவது வீட்டு வேலையோடு வீட்டுக்காக விறகு, தீவனம் சேகரிப்பது. உழைப்பாளர் கணக்கில் வராது. அதை முடிவு செய்வது கணக்கெடுப்புக் கையேடு.

உடனே "பார்த்தாயா, நம்பரே பொய்" என்று ஆரம்பிக்காதே. 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவழிக்கிறார்கள், ஆண்கள் 88. அந்த 88 கூட வீட்டு வேலை செய்த ஆண்களுக்குள் மட்டும் போட்ட சராசரி. துடைப்பத்தையே தொடாத மகராசன்கள் அதில் இல்லை. இதை இருபது பேரோடு பேசி நீ நிறுவ முடியுமா? இருபது பேட்டியை வைத்துக்கொண்டு "பெரும்பாலான பெண்கள் கருதுகிறார்கள்" என்று எழுதும் கட்டுரைகளைப் படித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குழுக் கலந்துரையாடலும் அப்படித்தான். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எந்த மருமகள் வாயைத் திறப்பாள்?

கவிதா முதலில் ஒரு ஊரில் போய்த் தங்கட்டும். நாலைந்து வீடுகளில் விடிகாலையிலிருந்து விளக்கு வைக்கும் வரைக்கும் கூடவே இருந்து பார்க்கட்டும். கேள்வித்தாளை அதற்கப்புறம் எழுதினால் போதும், "வேலைக்குப் போகிறீர்களா?" என்ற ஒற்றைக் கேள்வி இருக்கும் இடத்தில் மாடு, நாற்று, தையல், கடை என்று பத்துக் கேள்விகள் தானாக வந்துவிடும். பிறகு எல்லா வீடுகளையும் பட்டியல் போட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். தலைவர் கைகாட்டும் வீடுகளுக்குப் போனால் தலைவரின் சொந்தக்காரர்கள்தான் கிடைப்பார்கள். பதிலைப் பெண்ணிடமே வாங்க வேண்டும். கணக்கு வந்த பிறகு, அதில் பொருந்தாத வீடுகளுக்கு மறுபடி போய் உட்கார்ந்து பேசினால், ஆய்வேட்டில் படிக்கும்படியான அத்தியாயம் அங்கேதான் கிடைக்கும். ஒரு வருடம் கூடுதலாக ஆகும், அதைக் கைடிடம் இப்போதே சொல்லிவிடச் சொல்.

கேள்வித்தாள் தயாரானதும் எனக்கு அனுப்பட்டும். முதல் பக்கத்திலேயே மாத வருமானம் கேட்டிருந்தால் அடித்துவிடுவேன், முன்கூட்டியே சொல்லிவை.

அன்புடன்,
மீனாட்சி