தொலைவு ஒன்று, நேரம் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் பயணப் பகுதியில், தொலைதூர விமான நிலையங்களுக்கு இடையேயான தூரமும் பறக்கும் நேரமும் அட்டவணையாக வெளிவருகின்றன. முதன்முறையாக நெடுந்தூரம் பறக்கப்போகிறவர்கள் அதைப் பார்த்தே இணைப்பு விமானத்தைத் தீர்மானிக்கிறார்கள் என்பதால், தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டர் என்ற வேகத்தால் வகுத்து நேரத்தைக் குறிக்கும் வழக்கத்தைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

டில்லி – சான் பிரான்சிஸ்கோ தடத்தையே பாருங்கள். உலக உருண்டையின் மீது இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது கிழக்காகவோ மேற்காகவோ போகாமல் வட துருவத்தை நெருங்கிச் சென்று மறுபக்கம் இறங்கும். அந்த நூலின் அளவு சுமார் 12,400 கிலோமீட்டர். அட்டவணைகள் தருவது இதைத்தான். ஆனால் ஏர் இந்தியா விமானம் 2016 வரை அட்லாண்டிக் வழியாகச் சுமார் 13,900 கிலோமீட்டர் பறந்தது. அவ்வாண்டு அக்டோபரில் பசிபிக் வழிக்கு மாறியபோது தூரம் சுமார் 15,300 கிலோமீட்டராகக் கூடியது. பயண நேரமோ ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைந்து, பதினான்கரை மணி நேரத்தில் விமானம் தரையிறங்கியது.

காரணம் காற்று. விமானங்கள் பறக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டுவதுண்டு. அதனால்தான் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஏழு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் விமானம், திரும்பிவர எட்டு மணி நேரம் வரை எடுத்துக்கொள்கிறது. 2020 பிப்ரவரியில் கடும் புயற்காற்றின் உந்துதலால் ஒரு விமானம் இதே தூரத்தை ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாகக் கடந்தது. போக்குக்கும் வரத்துக்கும் ஒரே நேரத்தை அச்சிடும் அட்டவணையை எப்படி நம்புவது?

காற்றோடு அரசியலும் சேர்ந்துகொள்கிறது. 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு, ஒன்பதரை மணி நேரம் பிடித்த ஹெல்சிங்கி – டோக்கியோ பயணம் பதின்மூன்று மணி நேரமாக நீண்டது. இரு நகரங்களும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. சுற்றிப் போக வேண்டியிருப்பதால் எரிபொருளும் களைப்பும் கூடிவிட்டன.

இன்னொன்று. பயணச்சீட்டில் உள்ள நேரம், விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் வந்து நிற்பது வரை கணக்கிடப்படுவது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், முறைக்காகக் காத்திருப்பதும் அதில் அடக்கம். வகுத்துப் பெறும் விடையில் இவை எதுவும் வராது. இணைப்பு விமானத்தைத் தவறவிடுவதற்கு அந்த அரை மணி நேரமே போதும்.

ஆகவே, வகுத்தல் கணக்குக்குப் பதிலாக விமான நிறுவனங்களின் கால அட்டவணையில் உள்ள நேரத்தையே, போகும் திசைக்கும் வரும் திசைக்கும் தனித்தனியாக வெளியிட வேண்டுகிறேன். தூரத்தின் அருகில் அது மிகக் குறுகிய வான்வழித் தொலைவு என்ற குறிப்பும் இருக்கட்டும். புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊரின் நேரப்படி தரப்படுவதால், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பயண நேரம் கிடைக்காது என்பதையும் அட்டவணையின் அடியில் ஒரு வரியில் தெரிவித்தால், முதன்முறை பயணம் செய்வோருக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்