உரிமைகள் அத்தியாயத்தை ஓரம் தள்ளாதீர்கள்

இலங்கைப் பாராளுமன்றத்தின் கௌரவ உறுப்பினர்களுக்கு,

வணக்கம். புதிய அரசியலமைப்பு என்ற பேச்சு எழுந்தாலே ஒற்றையாட்சியா சமஷ்டியா, நிறைவேற்று ஜனாதிபதி முறை இருக்குமா போகுமா என்பதோடு விவாதம் நின்றுவிடுகிறது. அதிகாரப் பகிர்வு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அதிகாரம் கொழும்பில் இருந்தாலும் யாழ்ப்பாணத்தில் இருந்தாலும், இரவில் பொலிஸார் பிடித்துக்கொண்டு போகும் ஒருவருக்கு அந்த அரசியலமைப்பு என்ன செய்யும்? அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

1978 அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகளைக் கூறும் மூன்றாம் அத்தியாயத்தை மேலோட்டமாக வாசித்தால் குறை தெரியாது. சித்திரவதைக்குத் தடை உண்டு, சட்டத்தின் முன் சமத்துவம் உண்டு. பிறகு 16ஆம் உறுப்புரை வருகிறது. அரசியலமைப்புக்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லுபடியாகும் என்கிறது அது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் மணப்பெண்ணின் கையொப்பத்தைக் கட்டாயமாக்கவில்லை. அந்தப் பெண்கள் சமத்துவ உரிமையைக் காட்டி அச்சட்டத்தை எதிர்க்க முடியாதபடி தடுப்பது இந்த உறுப்புரைதான்.

1978க்குப் பின் வந்த சட்டங்களுக்கு 80(3)ஆம் உறுப்புரை காவல். சபாநாயகர் சான்றுரை எழுதிவிட்டால் எந்த நீதிமன்றமும் அச்சட்டத்தின் செல்லுபடியைக் கேள்விக்குட்படுத்த முடியாது. தற்காலிகம் என்று 1979இல் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமானது. அதனால் சிறையில் இளமையைத் தொலைத்தவர்கள் இல்லாத ஊர் வடக்கு கிழக்கில் அரிது.

எனக்கு மிகவும் வலிப்பது 126ஆம் உறுப்புரை. உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும், அதுவும் கொழும்பில் உள்ள உயர் நீதிமன்றத்தில் மட்டும். முல்லைத்தீவில் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். மகன் எந்த இடத்தில் இருக்கிறான் என்று கண்டுபிடிக்கவே இரண்டு வாரம் போகும். மருத்துவ அறிக்கை, பொலிஸ் துண்டு எல்லாவற்றையும் போட்டோக்கொப்பி எடுத்து, சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு இரவு பஸ் ஏறி, கொழும்பில் சட்டத்தரணியைத் தேட வேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவில் அந்த ஒரு மாதத்துக்குள் முறையிட்டால் விசாரணைக் காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் அதை அவருக்கு யார் சொல்வது?

உயிர்வாழும் உரிமை என்று தனியாக ஒரு உறுப்புரைகூட இல்லை. பொலிஸ் காவலில் நடந்த சித்திரவதையால் கணவனை இழந்த ஒரு பெண் போராடிய பிறகுதான், நீதிமன்ற ஆணையின்றி யாருக்கும் மரண தண்டனையோ சிறைத் தண்டனையோ விதிக்கக் கூடாது என்ற 13(4)ஆம் உறுப்புரைக்குள் அது அடங்கியிருக்கிறது என்று 2003இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதியே வைத்திருக்க வேண்டிய உரிமையல்லவா அது?

1972 அரசியலமைப்புக்கோ 1978 அரசியலமைப்புக்கோ மக்களின் சம்மதம் கேட்கப்படவில்லை. இந்த நாடு கண்ட ஒரே சர்வசன வாக்கெடுப்பு 1982இல் நடந்தது, அதுவும் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டுவதற்காக. இம்முறை மக்களிடம் வருவதானால், 16ஆம் உறுப்புரையை நீக்கிவிட்டு வாருங்கள். நடைமுறையில் உள்ள சட்டத்தையும் நீதிமன்றம் பரிசீலிக்க வழி செய்யுங்கள். ஒரு மாதத்தை ஒரு வருடமாக்கி, மாகாண மேல் நீதிமன்றங்களும் அடிப்படை உரிமை வழக்குகளைக் கேட்க இடம் கொடுங்கள். புதிய அரசியலமைப்புப் பற்றி 2016இல் மாவட்டம் மாவட்டமாக மக்களிடம் கருத்துக் கேட்டுத் தொகுத்த அறிக்கை உங்களிடம் இருக்கிறது. வரைபைச் சிங்களத்திலும் தமிழிலும் ஒரே நாளில் வெளியிடுங்கள். வாக்களிக்கும் முன் அதை வாசித்துப் பேச எங்களுக்குச் சில மாதங்களாவது தாருங்கள்.

இப்படிக்கு,
வடக்கிலிருந்து ஒரு வாக்காளர்