மாப்ள, அந்தப் பந்தயத்துல தோத்தது நான்தான்

மாப்ள,

எட்டு மாசமா ஒரு வரி எழுதலன்னு திட்டப் போற, திட்டிக்கோ. வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்க, அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். விஷயத்துக்கு வர்றேன்.

அக்கா மகன் ஆர்மில சேந்தான்ல, அவனை டாங்கில போட்டுட்டாங்கடா. அகமத்நகர்ல ட்ரெய்னிங். போட்டோ அனுப்பிருக்கான், டாங்கிக்குள்ளருந்து தலைய மட்டும் நீட்டிக்கிட்டு, நம்ம சோடாபுட்டி கிணத்துல விழுந்துட்டு முழிச்சான்ல, அச்சு அசல் அதே முழி. அக்காவுக்கு அன்னைலருந்து சோறு எறங்கல. நான் போயி பெரிய மேதாவி கணக்கா, "சுத்தி அம்புட்டும் இரும்புக்கா, வெளிய குண்டு வெடிச்சா உள்ள இருக்கவனுக்கு சத்தந்தான் கேக்கும்"னு அடிச்சு விட்டுட்டு வந்தேன். பாம்பன் டீக்கடையில உன்கிட்ட பந்தயம் கட்டினேனே, அதே டயலாக். தகடு துளையாமலே உள்ள இருக்கவனுக்கு அடி படும்னு நீ சொன்ன, பீரங்கிக்காரன் பெருமைக்கு அளக்குறன்னு அப்ப நெனச்சேன்.

போன வாரம் ஏலத்துல ஒரு கூடை விளமீன் வந்துச்சு. மேல ஒரு கீறல் இல்ல, வயித்தக் கீறுனா காத்துப்பை கிழிஞ்சு உள்ள ஒரே ரத்தம், முள்ளு ஒடிஞ்சு கெடக்கு. கடல்ல வெடி வச்சுப் புடிச்சது. தண்ணி வேற இரும்பு வேறன்னு நீ சிரிப்ப, தெரியும், ஆனா எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல, உக்காந்து தேடித் தேடிப் படிச்சேன்.

நான் சொன்னது முழுப்பொய்யும் இல்ல மாப்ள, அத மட்டும் ஒத்துக்க. சாதா வெடிகுண்டு வெளித்தகட்டுல வெடிச்சா அதோட வேகம் நாலாபக்கமும் காத்துலதான் போகும், கனமான முன்தகட்ட ஓட்டை போடாது. ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்காக்காரனோட ஷெர்மன் டாங்கி சுட்ட 75 மில்லிமீட்டர் குண்டுல வெடிமருந்து ஒரு கிலோ கூடக் கெடயாது, ஜெர்மன்காரனோட டைகர் டாங்கிக்கு முன்னாடி 100 மில்லிமீட்டர் இரும்பு, அத என்ன பண்ணும்? ஆனா 1943ல குர்ஸ்க் சண்டைல ரஷ்யாக்காரன் 152 மில்லிமீட்டர் பீரங்கியக் கொண்டாந்தான் பாரு, ஒரு குண்டு 40 கிலோவுக்கு மேல. அது தகட்டத் துளைக்கணும்னே அவசியமில்ல, வெல்டிங் விட்டுப்போகும், உள்பக்கத்துல இரும்புச் சில்லு பிஞ்சு ஆளுங்க மேல தெறிக்கும்.

அது எப்படி, வெளிய அடிச்சா உள்ள பிய்யும்னு மண்டைய ஒடச்சுக்கிட்டேன். அப்புறந்தான் கேரம் ஞாபகம் வந்துச்சு. காய ஒட்டி ஒட்டி வரிசையா வச்சு இந்தப் பக்கம் அடிச்சா கடைசிக் காய் மட்டும் துள்ளி ஓடும்ல, அதேதான். இதுக்குன்னே ஒரு குண்டு வச்சிருக்கானுங்க, ஹெஷ்னு. சுவத்துல வரட்டி தட்டுற மாதிரி தகட்டுல அப்பிக்கிட்டு அப்புறம் வெடிக்குமாம். நம்ம ஆவடி அர்ஜுன் டாங்கியே அத சுடுதுன்னு படிச்சதும், அடப்பாவி, இத ஏன்டா நீ அன்னைக்கே சொல்லலன்னு கோவம் வந்துச்சு. கவசத்த ரெண்டடுக்கா இடைவெளி விட்டு வச்சா ஹெஷ் பலிக்காதாம், உள்ளாற சில்லு தெறிக்காம இருக்க மெத்தை மாதிரி ஒண்ணு ஒட்டுவாங்களாம். அது ஒண்ணுதான் படிச்சதுல ஆறுதல்.

இதுல நம்ம வாத்தியார் வேற, "1965 பாகிஸ்தான் சண்டைல நம்ம அப்துல் ஹமீது ஜீப்லருந்தே அவங்க பேட்டன் டாங்கிய அடிச்சாரேடா"ன்னு நெஞ்ச நிமித்துறாரு. அந்த ஜீப் பீரங்கிக்கு வேற குண்டும் உண்டு சார், செம்புக் கூம்ப வெடி அமுக்கி, சன்னமா ஈட்டி கணக்கா பாய்ச்சுற வகைன்னு நான் கிளாஸ் எடுத்தேன். மனுசன் டீக்காசு கூடக் குடுக்காம எந்திரிச்சுப் போயிட்டாரு.

இன்னொண்ணும் படிச்சேன், அதான் நெஞ்சுல நிக்குது. பெரிய குண்டு பக்கத்துல விழுந்தாலே போதுமாம், செயின் அந்துரும், பாக்குற கண்ணாடி ஒடஞ்சுரும், ஆன்டெனா போயிரும். டாங்கி முழுசா இருக்கும், ஆனா குருட்டுப் பயலா நடுக்காட்டுல நிக்கும். உள்ள இருக்கவன் வெளிய வரணுமா, உக்காந்தே இருக்கணுமா? நீ பீரங்கிப் பக்கம் இருந்தவன், எதிர்ல நின்ன டாங்கிக்காரன எப்பவாச்சும் நெனச்சியாடா?

அவனுக்கு நான் போன்ல எதுவும் கேக்கல. என்னைய விட அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்.

திருவிழாவுக்கு வர்றல்ல, பந்தயப் புரோட்டா என் செலவு. ஆனா அக்கா சோறு போடக் கூப்புடும், சாப்புட்டுக்கிட்டே "தம்பி, நீ ஆர்மில இருந்தவன்ல, டாங்கிக்குள்ள பயமில்லல்ல"ன்னு கேக்கும். "சத்தந்தான்க்கா கேக்கும்"னு சொல்லிரு. வேற எதையும் தொறக்காத.

உன்
மண்டபத்தான்