டிஸ்க் கோல்ஃபுக்குத் தோளைவிடக் கால் முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் விளையாட்டுப் பக்கத்தில், பறக்கும் தட்டை எறிந்து மிகக் குறைந்த எறிகளில் இலக்கை அடையும் ஆட்டமான டிஸ்க் கோல்ஃப் பற்றி வந்த குறிப்பில், தட்டைத் தொலைவுக்கு எறியத் தோள்வலு வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது. பெசன்ட் நகர் கடற்கரையில் இளைஞர்களுக்கு எறியக் கற்றுத்தருபவன் என்ற முறையில் இதை மறுக்கிறேன். விதிப்படி தட்டின் எடை 200 கிராமைத் தாண்டாது. அதை விரட்டுபவை காலும் இடுப்பும்தாம்.

வலக்கைப் பழக்கமுள்ளவர் பேக்ஹேண்ட் முறையில், அதாவது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய்ப் புறங்கை முன்னால் வர எறியும்போது, கடைசி மூன்று அடிகள் வலது, இடது, வலது என்று விழும். நடுவே இடக்கால் வலக்காலுக்குப் பின்னால் குறுக்காகச் சென்று ஊன்றுவதால், இலக்குக்கு முதுகு காட்டும் அளவுக்கு உடல் திரும்பிவிடுகிறது. அடுத்து வலக்கால் தரையில் அழுந்திய பிறகே தட்டை மார்பை ஒட்டி இழுக்க வேண்டும். நம் பிள்ளைகளில் பலர் கால் ஊன்றுமுன்பே கையை வீசிவிடுவதால் இடுப்பின் விசை தட்டுக்கு வந்து சேருவதில்லை. 1987 முதல் வேகப்பந்து வீச்சாளர்களை உருவாக்கிவரும் எம்.ஆர்.எஃப். பேஸ் பவுண்டேஷன் இருக்கும் ஊரில், முன்கால் ஊன்றுவதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. ஓடிவராமல், புட்டர் எனப்படும் மெதுவான தட்டை நின்ற இடத்திலிருந்தே எறிந்து பழகி, பிறகு ஓரடி, அதன்பின் மூன்றடி என்று கூட்டிக்கொண்டு போனால் இக்குறை மெல்ல நீங்கும்.

தட்டின் முன்விளிம்பு தூக்கிக்கொள்வது இன்னொரு குறை. உடல் எடை பின்காலிலேயே தங்கிவிட்டால் இப்படி ஆகும். மாலைக் கடற்காற்றை எதிர்த்து எறிந்த அத்தகைய தட்டு விறுவிறுவென மேலேறி, எறிந்தவர் பக்கமே திரும்பி விழுவதில் சுண்டல் விற்கும் சிறுவர்களுக்குத் தனி மகிழ்ச்சி.

ஆனால், மணலில் எவ்வளவு பழகினாலும் ஒரு சங்கடம் தீர்வதில்லை. எறிந்து முடிக்கையில் ஊன்றிய பாதம் குதிகால்மேல் சுழன்று கொடுக்க வேண்டும். மணலில் அது புதைந்து நின்றுவிடுவதால் திருகல் முழுவதும் முழங்காலுக்குப் போகிறது. எனவே, மாநகராட்சி விளையாட்டுத் திடல்கள் சிலவற்றிலாவது ஒன்றரை மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் நீளமும் கொண்ட சிமெண்ட் தளம் ஒன்றை, மழையில் வழுக்காதபடி சொரசொரப்பாக அமைத்துத்தர வேண்டுகிறேன். இலக்காக வைக்கும் சங்கிலிக் கூடைகளுக்கு இப்போது செலவிட வேண்டியதில்லை. இவ்விளையாட்டின் தந்தை எனப்படும் எட் ஹெட்ரிக் 1975-இல் கலிபோர்னியாவில் அமைத்த முதல் நிரந்தர மைதானத்திலும் தொடக்கத்தில் வெறும் கம்பங்களே இலக்காக இருந்தன.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அடையாறு, சென்னை